பாவத்தில் பங்கு

கார்மெலா சொப்ரானோ ஒரு முதிய மனநல மருத்துவரின் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். மணவாழ்க்கையில் நிம்மதியில்லை என்று சொல்ல வந்தவள். கணவன் முன்கோபி, வேறு பெண்களிடம் போகிறான். ஆனாலும் நல்ல மனிதன், நல்ல தகப்பன் என்கிறாள். டாக்டர் க்ராக்கவர் கேட்டுவிட்டு ஆறுதல் சொல்வதில்லை. குழந்தைகளை அழைத்துக்கொண்டு அந்த வீட்டைவிட்டு வெளியேறச் சொல்கிறார். அவனுடைய பணத்தைத் தொடக் கூடாது என்கிறார். அவளை உடந்தை என்கிறார். சமைத்துப் போட்டுத் துணி துவைத்துவைப்பதைத் தவிர நான் என்ன செய்தேன் என்று அவள் கேட்டும் விடுவதில்லை. தன் கட்டணத்தையும் வாங்க மறுக்கிறார். அது ரத்தம் தோய்ந்த பணம். யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று இனி அவள் சொல்ல முடியாது என்பதோடு சந்திப்பு முடிகிறது.

‘தி சொப்ரானோஸ்’ தொடரின் மூன்றாவது சீசனில், 2001 ஏப்ரலில் ஒளிபரப்பான ‘செகண்ட் ஒப்பீனியன்’ அத்தியாயம் இது. விமர்சகர்கள் இந்தக் காட்சியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அதே அத்தியாயத்தில் நடப்பதைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கார்மெலா வீட்டுக்கு வந்து சோபாவில் படுத்துக்கொள்கிறாள். மாஃபியா தலைவனான கணவன் டோனி வருகிறான். மகள் மெடோ படிக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு ஐம்பதாயிரம் டாலர் நன்கொடை தரவேண்டும் என்கிறாள். ஏற்கெனவே பேரம் பேசித் தட்டிக்கழித்தவன், அவள் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொள்கிறான். அத்தியாயம் முடிந்துவிடுகிறது.

பணத்தைத் தொடாதே என்று கேட்ட காதோடு வந்தவள் செய்யும் முதல் காரியம் பணம் கேட்பது. தொடரை எழுதி உருவாக்கிய டேவிட் சேஸ் இதை ஒருமுறை செய்துவிட்டு நகர்ந்திருந்தால் அழகான முரண் என்று கடந்துபோகலாம். அவர் திரும்பத் திரும்பச் செய்கிறார். கார்மெலாவின் வாசலுக்கு உண்மை வரும்போதெல்லாம் அதன் பின்னாலேயே ஒரு தொகையும் வருகிறது. 86 அத்தியாயங்களின் முதுகெலும்பு டோனியின் குற்றங்களைவிட இந்த வரவுசெலவுதான் என்று எனக்குப் படுகிறது.

1999 ஜனவரி 10 முதல் 2007 ஜூன் 10 வரை எச்.பி.ஓ.வில் ஓடிய இந்தத் தொடரோடுதான் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘பிரெஸ்டீஜ்’ காலம் தொடங்கியதாகச் சொல்வது வழக்கம். எச்.பி.ஓ. சந்தாவில் நடக்கும் நிறுவனம். விளம்பரதாரருக்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதால், கொலைகாரன் ஒருவனை வாராவாரம் நடுநாயகமாக உட்காரவைக்க முடிந்தது. அந்த நாற்காலியில் பிறகு, அடுத்து வந்த தொடர்களின் நாயகர்களான டான் டிரேப்பரும் வால்ட்டர் வொயிட்டும் வந்து அமர்ந்தார்கள். இந்த அலையைப் பற்றி பிரெட் மார்ட்டின் 2013இல் வெளியிட்ட புத்தகத்தின் பெயரே ‘டிஃபிகல்ட் மென்’. எதிர்நாயகன் என்ற ஒற்றைச் சாவியைப் போட்டே இந்தத் தொடர்கள் எல்லாவற்றையும் திறந்து பார்க்கும் பழக்கம் விமர்சனத்தில் அப்படித்தான் நிலைத்தது. அந்தச் சாவி கார்மெலாவின் அறையைத் திறப்பதில்லை. அவள் யாரையும் கொல்லவில்லை, அடிக்கவில்லை, எந்தச் சதிக்கூட்டத்திலும் உட்காரவில்லை. அவளிடம் எல்லாத் தகவலும் இருக்கிறது, அவ்வளவுதான்.

அவளைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை. வால்மீகி முனிவராவதற்கு முன் வழிப்பறிக் கொள்ளையனாக இருந்தார் என்று சொல்லப்படும் கதை. நாரதரை மறிக்கிறான். யாருக்காக இதைச் செய்கிறாய் என்கிறார். குடும்பத்துக்காக என்கிறான். நீ கொண்டுவருவதில் பங்கு வாங்குகிறவர்கள் உன் பாவத்திலும் பங்கு வாங்குவார்களா, போய்க் கேட்டு வா என்று அனுப்புகிறார். மனைவி மறுக்கிறாள். எங்களைக் காப்பாற்றுவது உன் கடமை. எந்த வழியில் சம்பாதிக்கிறாய் என்பது உன் பொறுப்பு. அந்தப் பதிலில் கொள்ளையன் உடைகிறான், முனிவன் பிறக்கிறான்.

இந்தக் கதையில் மனைவியைச் சுயநலக்காரியாகப் பார்ப்பதுதான் பழக்கம். ஆனால் அவள் சொன்ன ‘இல்லை’ இல்லாமல் வால்மீகி இல்லை. உன் பாவம் உன்னுடையது என்று கணவன் முகத்தைப் பார்த்துச் சொல்லும் அந்தக் கணத்தில், பாவம் என்ற பெயரில் ஒன்று அந்த வீட்டில் முதன்முதலாக வாய்விட்டுப் பேசப்படுகிறது. நியூ ஜெர்சியின் நார்த் கால்டுவெல்லில் இருக்கும் சொப்ரானோ மாளிகையில் இந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை. டோனி கேட்க மாட்டான். பதில் வந்துவிடுமோ என்ற பயம் இருவருக்குமே உண்டு. கேள்வி எழப்போகும் இடத்திலெல்லாம் ஒரு பரிசு வந்து நிற்கிறது.

முதல் சீசனின் ஐந்தாவது அத்தியாயம் ‘காலேஜ்’. டோனி மகளைக் கல்லூரிகள் பார்க்க மெய்ன் மாநிலத்துக்கு அழைத்துப் போகிறான். வழியில், போலீசுக்குத் தகவல் கொடுத்துவிட்டு வேறு பெயரில் வாழும் பழைய ஆள் ஒருவனைப் பார்த்துவிடுகிறான். மகளை நேர்காணலில் விட்டுவிட்டு வந்து தன் கையாலேயே அவன் கழுத்தை நெரிக்கிறான். பார்வையாளர்கள் நாயகனை வெறுத்துவிடுவார்கள் என்று எச்.பி.ஓ. தலைமை கலங்கியது தொலைக்காட்சி வரலாற்றில் பிரசித்தம். அந்தக் கொலையைப் பற்றியே பேசிப் பேசி, அதற்கு முந்தைய இரவில் வீட்டில் நடப்பதைக் குறைவாகவே கவனித்திருக்கிறோம். காய்ச்சலில் கிடக்கும் கார்மெலாவைப் பார்க்க ஃபாதர் ஃபில் வருகிறார். சாப்பாடு, ஒயின், ஒரு சினிமா. பிறகு அவள் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறாள். வீட்டுக்குள் தீமையை அனுமதித்துவிட்டேன், பிள்ளைகளின் வசதிக்காகக் கண்ணை மூடிக்கொண்டேன் என்று அழுகிறாள். அவர் நற்கருணை வழங்குகிறார். மெய்னில் கொலை, இங்கே மன்னிப்பு.

அந்த அழுகை பொய்யில்லை. எடி ஃபால்கோவின் நடிப்பு அதைப் பொய்யாக்க விடாது. கார்மெலாவை வேஷக்காரி என்று ஒதுக்கிவிட்டால் தொடர் நம்மிடமிருந்து நழுவிவிடும். அவள் உண்மையாகவே வருந்துகிறாள். வருந்தியதும் ஒரு கடன் தீர்ந்துவிட்ட நிம்மதி அவளுக்கு வந்துவிடுகிறது. வருத்தமே அவள் செலுத்தும் தவணை.

இரண்டாவது சீசனில் அவளுடைய இன்னொரு முகம் தெரிகிறது. மெடோவுக்கு ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க, வழக்கறிஞரான பக்கத்து வீட்டுக்காரியின் சகோதரியிடமிருந்து சிபாரிசுக் கடிதம் வேண்டும். அந்த வழக்கறிஞரின் அலுவலகத்துக்கு ரிக்கோட்டா பாலாடை சேர்த்த பை ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு போகிறாள். குரல் உயரவில்லை, மிரட்டல் சொல் ஒன்றும் இல்லை. புன்னகை மாறாமல், கடிதத்தை நீங்கள் எழுதத்தான் போகிறீர்கள் என்ற தோரணையில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே இருப்பவளின் முகத்தில் வெளிறல். டோனியின் ஆட்கள் கட்டையும் துப்பாக்கியும் கொண்டு வசூலிப்பதை இவள் ஒரு பலகாரத்தட்டோடு வசூலிக்கிறாள். தன் கணவன் யார் என்று தெரியாதவள் செய்யக்கூடிய காரியமா இது?

க்ராக்கவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு மனம் கொஞ்ச காலம் அவளை விடுவதில்லை. அதே மூன்றாவது சீசனின் இறுதிப் பகுதியில், உளவியல் படிக்கும் ஒபோசி என்ற பாதிரியாரிடம் போகிறாள். அவர் விவாகரத்தை ஏற்பதில்லை. கணவனிடம் நல்ல பாதியும் இருக்கிறதே, அந்த நல்ல பாதி சம்பாதிப்பதில் வாழப் பழகிக்கொள் என்கிறார். மருத்துவர் முழுத்தொகையையும் கேட்டார். பாதிரியார் தள்ளுபடி தருகிறார். இதில் திருச்சபையைக் கிண்டல் செய்வதைவிட ஆழமான ஒன்று இருக்கிறது. ஒருவன் வருமானத்தில் நல்ல பாதி எது, கெட்ட பாதி எது என்று பிரித்துத் தர எந்தக் கணக்குப்பிள்ளையாலும் முடியாது. அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லிலும் இரண்டும் கலந்துதான் கிடக்கின்றன. பின்பற்றவே முடியாத அறிவுரை என்பதால்தான் அது அவளுக்கு அத்தனை ஆறுதலாக இருக்கிறது.

நான்காவது சீசனில் ஒரு திருப்பம் வருவதுபோலத் தெரியும். டோனியின் சட்டைத் துணிகளுக்கிடையே வேறொரு பெண்ணின் ஒட்டுநகம் கிடைத்ததும், அவன் பறவைத் தீவனத் தொட்டியில் ஒளித்துவைத்திருக்கும் ரொக்கத்திலிருந்து நாற்பதாயிரம் டாலரை எடுத்துத் தன் பெயரில் முதலீடு செய்கிறாள். சீசனின் கடைசி அத்தியாயமான ‘வொயிட்கேப்ஸ்’ஸில், பழைய காதலி ஒருத்தியின் தொலைபேசி அழைப்பைக் கேட்ட பிறகு, அவனை வீட்டைவிட்டே விரட்டுகிறாள். ஃபால்கோவும் டோனியாக நடிக்கும் ஜேம்ஸ் கேன்டோல்ஃபினியும் மோதும் அந்தச் சண்டைக் காட்சிகளை மிஞ்சத் தொலைக்காட்சியில் அதிகம் இல்லை. 2003இல் இருவருக்குமே எம்மி கிடைத்தது. கவனியுங்கள்: அவளை வெடிக்கவைத்தவை ஒரு நகமும் ஒரு குரலும். அத்தனை காலமும் காணாமல்போனவர்கள், கடலில் தள்ளப்பட்டவர்கள் யாரும் அந்தச் சண்டையில் வருவதில்லை. கணவன் அவளுக்குச் செய்த துரோகம் அவளுடைய விஷயம். மற்றவர்களுக்குச் செய்தது அவனுடைய தொழில்.

பிரிந்த பிறகும் வெளியே போக வழியில்லை. முக்கியமான விவாகரத்து வழக்கறிஞர்களையெல்லாம் டோனி முன்கூட்டியே கலந்துபேசிவைத்திருக்கிறான். அவன் சொத்தைத் தோண்டிக் கணக்கெடுக்க ஆள் சிக்குவதில்லை. இந்த இடத்தில் தொடர் அவளுக்கு நியாயமும் செய்கிறது. தொழில் இல்லை, தனி வருமானம் இல்லை, சட்டம் துணைக்கு வரவில்லை. இப்படிப்பட்டவளிடம் தியாகத்தை எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை என்ற கேள்வியும் சேர்ந்தே எழுகிறது. க்ராக்கவர் சொன்னது சரி. ஆனால் சொன்னபடி செய்திருந்தால் அவள் எங்கே போயிருப்பாள் என்பதற்கு அவரிடமும் பதில் இல்லை.

ஐந்தாவது சீசனின் ‘லாங் டெர்ம் பார்க்கிங்’ இந்தத் தொடரின் மிகக் கொடூரமான அத்தியாயம். டோனியின் உறவுக்காரன் கிறிஸ்டோபரின் காதலி ஏட்ரியானாவை எஃப்.பி.ஐ. வளைத்துத் தகவல் சொல்பவளாக்கியிருக்கிறது. அவள் உண்மையைக் கிறிஸ்டோபரிடம் சொல்லி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவிடலாம் என்கிறாள். யோசித்துக்கொண்டு வெளியே போனவன், ஒரு பெட்ரோல் பங்கில் ஓட்டைக் காரோடு நிற்கும் ஏழைக் குடும்பத்தைப் பார்க்கிறான். போதும்; டோனியிடம் சொல்லிவிடுகிறான். டோனியின் ஆள் சில்வியோ அவளைக் காட்டுக்குள் அழைத்துப்போய்ச் சுடுகிறான். இதே அத்தியாயத்தில்தான் டோனி வீடு திரும்ப கார்மெலா சம்மதிக்கிறாள். விலை, அவள் வீடு கட்டி விற்பதற்காக வாங்க விரும்பும் மனைக்கு ஆறு லட்சம் டாலர். கடைசியில் கணவனும் மனைவியும் அந்த மனையைப் பார்க்கப் போகிறார்கள். அதுவும் மரங்கள் அடர்ந்த இடம்தான். ஒரு காட்டில் ஒருத்தி உயிரைவிட, இன்னொரு காட்டில் இன்னொருத்தி வீட்டுக்கு அளவு பார்க்கிறாள். வறுமையைப் பார்த்த பயத்தில் கிறிஸ்டோபர் எடுத்த முடிவும் கார்மெலாவின் முடிவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவளுக்கு ஏட்ரியானா இறந்தது தெரியாது என்பது மட்டுமே வித்தியாசம்.

தெரியாது என்பதும் அதிக நாள் நிற்பதில்லை. ஆறாவது சீசனில் ஏட்ரியானாவின் தாய் சந்தேகத்தைக் கொட்டுகிறாள். பாரிஸுக்குப் போன கார்மெலாவின் கனவில் ஏட்ரியானா வருகிறாள். அவள் இறந்துவிட்டதை யாராவது அவளிடம் சொல்ல வேண்டும் என்கிறார் ஒரு காவலர். திரும்பிவந்தவள் துப்பறிவாளர் ஒருவரை நியமிப்பதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறாள். இதற்கிடையே அவள் வீட்டுக்கட்டுமானம் நின்றுகிடக்கிறது. அவள் அப்பா பயன்படுத்திய மரம் தரமில்லாதது என்று கட்டிட ஆய்வாளர் தடுத்துவைத்திருக்கிறார். டோனி அந்தத் தடையை நீக்கவைக்கிறான். கார்மெலா வேலையில் மும்முரமாகிறாள், துப்பறிவாளர் பேச்சு அடங்கிவிடுகிறது. இருவரும் பேரம் பேசவில்லை. பேரம் நடந்ததை ஒப்புக்கொள்ளவும் இல்லை.

அந்த வீட்டை அவள் தன் உறவினன் பிரையனுக்கே விற்கிறாள். அவன் மனைவி கர்ப்பிணி. மட்டமான மரத்தில் நிற்கும் கூரை குழந்தையின் மேல் விழுந்துவிடுமோ என்று தூக்கம் கெடுகிறாள். ஆனால் விற்ற பணத்தைத் திருப்பித் தருவதில்லை. ஒரு சண்டையில் டோனியே அதைச் சொல்லி அவளைக் குத்துகிறான். பங்கு வாங்குகிறவளாக மட்டும் இருந்தவள், சொந்தத் தொழில் தொடங்கியதும் முதல் சரக்கிலேயே அடுத்தவர் உயிரைப் பணயம் வைத்துவிட்டாள்.

அதே ஆறாவது சீசனின் தொடக்கத்தில், டோனி குண்டடிபட்டு நினைவின்றிக் கிடக்கும் நாட்களில், அவனுக்கு மனநல சிகிச்சை அளிக்கும் டாக்டர் மெல்ஃபியிடம் அவள் பேசும்போது பழைய நினைவு ஒன்று வருகிறது. பழக ஆரம்பித்த புதிதில் டோனி அவளுக்கு ரோஜாப்பூக்களும் அவள் அப்பாவுக்கு விலையுயர்ந்த டிரில்லிங் மெஷின் ஒன்றும் கொண்டுவந்தானாம். அந்த மெஷினுக்குப் பின்னால் எங்கோ ஒருவனுடைய கை உடைந்திருக்கும் என்று அப்போதே தனக்குத் தெரியும் என்கிறாள். முழுத் தொடரிலும் அவள் சொல்லும் மிக நேர்மையான சொற்கள் இவைதான். தெரியாமல் மாட்டிக்கொண்டேன் என்ற கடைசி மறைப்பையும் தானே விலக்கிவிடுகிறாள். மறு நிமிடமே, உலகத்தில் இதைவிடப் பெரிய திருடர்கள் இருக்கிறார்கள் என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறாள்.

மெல்ஃபிதான் இந்தக் கதையின் நாரதர் என்று முதலில் தோன்றும். தன் மீது நடந்த பாலியல் வன்முறைக்குச் சட்டம் நீதி தராமல் கைவிட்டபோது, டோனியிடம் ஒரு சொல் சொன்னால் போதும் என்று அவளுக்குத் தெரியும், சொல்வதில்லை. அது பெரிய மறுப்பு. அவன் வன்முறையில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று அவ்வளவு தெளிவாகச் சொன்னவர் அந்தத் தொடரில் வேறு யாருமில்லை. ஆனாலும் வருடக்கணக்காக அவனிடம் கட்டணம் வாங்கினாள். அவன் தாயைப் பற்றியும் கனவுகளைப் பற்றியும் எல்லாம் கேட்டவள், வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதைக் கேட்டு வா என்று அவனை அனுப்பியதேயில்லை. கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில், இத்தகைய சிகிச்சை குற்றவாளிகளை மேலும் சாமர்த்தியசாலிகளாக்குகிறது என்ற ஆய்வைப் படித்துவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறாள். க்ராக்கவர் முதல் சந்திப்பிலேயே செய்ததைச் செய்ய அவளுக்கு அத்தனை சீசன்கள் தேவைப்பட்டன.

நம்முடைய இடம் எது? இந்த இடத்தில் ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் வால்ட்டர் வொயிட்டின் மனைவியான ஸ்கைலரை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கணவன் போதைப்பொருள் காய்ச்சுவதை எதிர்த்தவள் அவள். பிறகு பணத்தை வெளுக்க உதவிசெய்து உடந்தையானவளும்தான். ரசிகர்களின் வெறுப்பு எந்த அளவுக்குப் போனது என்றால், அந்தப் பாத்திரத்தில் நடித்த அன்னா கன் 2013இல் நியூயார்க் டைம்ஸில் அதைப் பற்றிக் கட்டுரை எழுத நேர்ந்தது. வால்ட்டர் செய்த கொலைகள் மன்னிக்கப்பட்டன. வாசலில் நின்று ‘வேண்டாம்’ என்ற மனைவி மன்னிக்கப்படவில்லை. கார்மெலாவுக்கு இந்த வெறுப்பு அந்த அளவில் கிடைக்கவில்லை. அவள் ஆட்டத்தை நிறுத்தப் பார்க்கவில்லையே. டோனி அடுத்த வாரமும் வர வேண்டும் என்பதில் அவளுக்கும் நமக்கும் ஒரே ஆர்வம்.

வேறு வழியே இல்லை என்று சொல்லவும் முடியாது. ‘பெட்டர் கால் சால்’ தொடரின் கிம் வெக்ஸ்லர், தானும் கணவன் ஜிம்மியும் விளையாட்டாகத் தொடங்கிய சதி சக வழக்கறிஞர் ஹோவர்ட் ஹாம்லினின் உயிரில் முடிந்ததும், வழக்கறிஞர் உரிமத்தையும் கணவனையும் சேர்த்தே விடுகிறாள். வருடங்கள் கழித்து, நடந்தது அனைத்தையும் எழுதிக் கையெழுத்திட்டு, இறந்தவனின் மனைவியிடமே கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அந்தக் காகிதம் தன் சொத்தையெல்லாம் வழக்கில் இழக்கச் செய்யலாம் என்று தெரிந்தே கொடுக்கிறாள். ‘சொப்ரானோஸ்’ முடிந்து 15 ஆண்டுகள் கழித்து, 2022இல், கார்மெலா எழுதாத வாக்குமூலத்தை வேறொரு தொடரின் பெண் எழுதினாள். கிம்முக்குப் பிள்ளைகள் இல்லை, கையில் தொழில் இருந்தது என்பதையும் மறைக்காமல் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இறுதி அத்தியாயத்தைப் பற்றிய விவாதமெல்லாம் திரை இருண்டபோது டோனி செத்தானா பிழைத்தானா என்பதிலேயே சுற்றுகிறது. அதே அத்தியாயத்தில் மகன் ஏ.ஜே. ராணுவத்தில் சேரப்போவதாகச் சொல்கிறான். பெற்றோர் சேர்ந்து அவனுக்கு ஒரு சினிமாக் கம்பெனி வேலையும் ஒரு பி.எம்.டபிள்யூ காரும் ஏற்பாடு செய்கிறார்கள். அவன் மனசாட்சியும் அடங்கிவிடுகிறது. தாயிடம் வேலை செய்த அதே வைத்தியம். மெடோ சட்டத் துறையைத் தேர்ந்தெடுக்கிறாள், தகப்பனை எஃப்.பி.ஐ. இழுத்துப்போன காட்சிகளே தன்னை அந்தப் பக்கம் தள்ளின என்கிறாள். அப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்வியை அரசாங்கத்திடம் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். பங்கு அடுத்த தலைமுறைக்கு எழுதிவைக்கப்பட்டுவிட்டது.

கார்மெலாவுக்கு இந்தத் தொடர் தண்டனை எதுவும் வழங்கவில்லை. அதைச் சேஸின் கருணை என்று சிலர் நினைக்கலாம். நான் அதை அவருடைய மிகக் கடுமையான தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறேன்: அவளைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் எதுவும் நடப்பதில்லை. அடுத்த முறை இந்தத் தொடரைப் பார்ப்பவர்கள் துப்பாக்கிகளை விட்டுவிட்டு அவள் கேட்கும் தொகைகளைக் குறித்துக்கொண்டே பாருங்கள். ஒவ்வொரு தொகைக்கும் முன்னால் அவளுக்கு என்ன தெரியவந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த இரண்டு பத்திகள்தான் ‘தி சொப்ரானோஸ்’.